பாய்த்துணியில் என் சனம்

சமாதான காலத்தில் ஊர்காவற்றுறை மாதா கோயில் மண்டபத்தில் நடந்த ஓவியக் கண்காட்சிக்கு கணவரின் தாயான மாமியோடு போனேன். பழைய படகுப் பாய்களில் தீட்டியிருந்த முகங்களைக் கண்டதும் திடுக்கிட்டேன். கீழே எழுதியிருந்தபடி எல்லாரும் கிழக்கே வாகரைப் பக்கத்து ஆதிக்குடி வேடர்கள், என் சனம். நான் வேடர் குலம் என்பது கணவருக்கு மட்டுமே தெரியும் என்று நினைத்திருந்தேன்; தாழ்வாகப் பார்ப்பார்களோ என்று அவர் வீட்டாரிடம் மறைத்திருந்தேன்.

ஒலிபெருக்கியில் எங்கள் சடங்குப் பாட்டு. என்னையறியாமல் கூடவே பாடிவிட்டேன். மாமி திரும்பிப் பார்த்தார்.

“நானும் வேடர்தான், மாமி” என்றேன்.

“என்ர மகன் கலியாணத்துக்கு முன்னமே சொல்லிப்போட்டான், பிள்ளை. நீராச் சொல்லட்டும் எண்டுதான் பேசாமல் இருந்தனான்.”

பிறகு படங்களுக்குக் கிட்டப் போனார். “இதில உம்மட சொந்தக்காரர் ஆரும் இருக்கினமோ?”

ஒருவரையும் எனக்குத் தெரியாது. ஆனாலும், “எல்லாரும்தான், மாமி” என்றேன். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. அன்றுதான் அந்தக் குடும்பத்துக்குள் முழுதாக வந்து சேர்ந்தேன்.