எனெலெசியின் பயம்

அந்த வருடம் மழை பொய்த்தது. ஷிரே ஆற்றங்கரையில் எங்கள் ஊருக்கு நான்கு மாதமாக மக்காச்சோளக் களி மட்டும்தான். தொட்டுக்கொள்ள மீனோ பயறோ வாங்கக் காசில்லை. பக்கத்து வீட்டு எனெலெசிக்குக் கழுத்தைச் சுற்றித் தோல் கறுத்து உரிந்தது. பகலிலும் கதவை அடைத்துக்கொண்டு பயந்து நடுங்கினாள். தன் அக்கா ஃபாலெசிதான் சூனியம் வைத்தாள் என்று ஊர்த்தலைவரிடம் சொன்னாள். அன்றே ஃபாலெசியை அக்கரைக்கு விரட்டிவிட்டார்கள்.

பிறகு ஆஸ்பத்திரியில் நர்ஸ் எனெலெசியின் கழுத்தைப் பார்த்துவிட்டு வைட்டமின் மாத்திரை கொடுத்தார்.

"வெறும் களியே தின்னா தோல் மட்டுமில்லம்மா, மனசும் கெட்டுப்போகும்."

மூன்று வாரத்தில் பயம் போய்விட்டது. என்னையும் அழைத்துக்கொண்டு எனெலெசி அக்கரைக்குப் படகேறினாள். ஃபாலெசி யாருடைய துணியையோ துவைத்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, அது வெறும் நோய்தான்க்கா. மாத்திரையில சரியாயிடுச்சு. வீட்டுக்கு வா."

"உனக்கு மாத்திரை இருக்கு. ஊருக்கு என்னடி குடுப்ப?"

எனெலெசி நேராக ஊர்த்தலைவரிடம் போனாள். தான் சொன்னது பொய் என்று அழுதாள். அவர் இரக்கத்தோடு பார்த்தார்.

"பாவம் பொண்ணு. அக்கரையில இருந்துக்கிட்டே உன்ன எப்படிப் பேச வைக்கிறா பாரு."