தோசைக்குள் பத்துக் குண்டு

சுவரொட்டி ஒட்டிக்கொண்டிருந்தவன் துப்பாக்கிக்காரர்களிடம் வேலைக்குப் போன கதை இது. மதுரை காளவாசல் பக்கம் ஒரு சுவர் விடாமல் ஒட்டியிருக்கிறேன். காதணி விழா, கட்சிக் கூட்டம், கண்ணீர் அஞ்சலி. அதற்கு முன் திருப்பூரில் சாயப்பட்டறை, கேரளத்தில் இஞ்சி தோண்டும் வேலை. பசுமலையில் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டதிலிருந்து ஓர் இடத்தில் நிலையாக இருந்ததில்லை. யாராவது சும்மா வந்து நல்லபடியாகப் பேசினால், இவனுக்கு என்ன வேண்டும் என்றுதான் முதலில் யோசிப்பேன். அது ஊர் ஊராகச் சுற்றியதில் வந்த பழக்கம்.

டி. கல்லுப்பட்டி போகிற சாலையிலிருந்து உள்ளே தள்ளி, ஒரு கரட்டுக் குன்றின் அடியில், துப்பாக்கி உரிமம் உள்ளவர்கள் சிலர் சேர்ந்து சுடும் களம் ஒன்றை நடத்தினார்கள். ஒரு முனையில் தகரக் கொட்டகை. அதில் படுத்துக்கொண்டு சுடுவார்கள். முந்நூறு மீட்டர் தள்ளி மறுமுனையில் ஆள் உயரத்துக்கு மேல் ஆழமான பள்ளம். அந்தப் பள்ளத்துக்குள் உட்கார்ந்திருப்பதுதான் என் வேலை. தலைக்கு மேலே மரச்சட்டத்தில் தாள் நிற்கும். நடுவில் கறுப்பு வட்டம். சுட்டு முடித்ததும் கயிற்றை இழுத்துச் சட்டத்தை இறக்கி, எங்கெங்கே ஓட்டை என்று பென்சிலால் சுழித்து, தாளைக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். பிறகு ஓட்டைகளைத் துண்டுக் காகிதத்தால் ஒட்டி மறுபடி ஏற்ற வேண்டும். மைதாப் பசை காய்ச்சத் தெரியுமா என்று கேட்டார்கள். தெரியும் என்றேன். சம்பளம் சுமார்தான். ஆனால் படுக்க ஒரு தகர அறை கொடுத்தார்கள். அதுவரை பேருந்து நிலையத்தில் படுத்துக்கொண்டிருந்தவனுக்கு அந்த அறை பெரிய விஷயம்.

களத்துக்குப் பொறுப்பு ஓய்வுபெற்ற சுபேதார் ஒருவர். அதிகம் பேச மாட்டார். புதிதாக வருகிறவர்களிடம் மட்டும் ஒன்றைச் சொல்வார்.

"நூறு மீட்டர்ல இட்லி. முந்நூறு மீட்டர்ல தோசை. தோசைக்குள்ள பத்தும் விழுந்துச்சுன்னா சந்தோசமா வீட்டுக்குப் போங்க. காசு அளவுக்கு விழும்னு எவனாச்சும் சொன்னா, அவன் எதையோ விக்க வந்திருக்கான்."

இட்லி, தோசை என்றால் குண்டுகள் சிதறி விழும் வட்டத்தின் அகலம். கேட்டவர்கள் சிரிப்பார்கள். யாரும் நம்பியதாகத் தெரியவில்லை.

ஆடி மாதம். மதுரைக்கு மேற்கே அப்போது அடிக்கும் காற்றைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. அந்தக் காற்றில் டவுனில் இரும்புக் கடை வைத்திருக்கும் ஒருவர் புதிதாக வாங்கிய துப்பாக்கியோடு வந்தார். எல்லாரும் அவரை முதலாளி என்றுதான் கூப்பிட்டார்கள். வந்ததும் செல்போனை நீட்டினார்.

"குரூப் பாருங்க சுபேதாரே, குரூப்."

எனக்குக் குரூப் என்றால் சர்க்கார் வேலைக்கு எழுதுகிற குரூப் ஃபோர் பரீட்சைதான் தெரியும். குண்டுகள் சேர்ந்து விழும் கொத்தைத்தான் அவர் அப்படிச் சொன்னார். எட்டிப் பார்த்தேன். படத்தில் ஒரு தாள், அதில் மூன்று ஓட்டைகள், மூன்றையும் முக்கால்வாசி மறைத்தபடி ஒரு ரூபாய்க் காசு. இந்தத் துப்பாக்கியால் முந்நூறு மீட்டரில் சுட்டது என்று விற்றவர் சொன்னாராம்.

"எத்தனை ரவுண்டு சுட்டது?" என்றார் சுபேதார்.

"மூணு."

"மிச்சம்?"

"மூணு போதாதா? இன்னும் எம்புட்டு வேணும்?"

சுபேதார் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். எனக்கு அந்தப் படத்தில் வேறொன்று உறுத்தியது. தாளின் ஓரம் எந்தப் பக்கமும் தெரியவில்லை. நாலு பக்கமும் வெட்டிய படம். சுவரொட்டியில் பக்கத்தில் நின்றவனை வெட்டிவிட்டுத் தலைவரை மட்டும் போடுவார்கள், அப்படி. வெட்டிய பக்கத்தில் என்ன இருந்தது? நான் கேட்கவில்லை. கேட்கிற இடத்தில் நான் இல்லை.

முதலாளி படுத்துப் பத்துக் குண்டு சுட்டார். பள்ளத்தில் என் தோளில் மண் உதிர்ந்துகொண்டே இருந்தது. இறக்கிப் பார்த்தேன். அரிசி புடைக்கிற சுளகு அகலத்துக்கு இறைந்து கிடந்தது. தாளைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போனேன்.

"என்னய்யா இது, எலி கடிச்சாப்ல?"

"நீங்க சுட்டதுதான் சார்."

"என் துப்பாக்கி இப்பிடிச் சுடாது. சரியா விழுந்தத ஒட்டி மறைச்சிட்டு, நீதான் பென்சிலை வச்சுக் குத்தியிருக்க."

"எனக்கு என்னத்துக்கு சார் அது?"

"போன வாரம் இங்க சுட்டவரு ஒனக்கு டீ வாங்கிக் குடுத்தாராம்ல. நான் வாங்கிக் குடுக்கல. அதான்."

அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. சுபேதார் இடையில் வந்தார். காற்றைப் பாருங்கள் என்றார். கொட்டகைப் பக்கத்துக் கொடி தொங்குகிறது, பள்ளத்துப் பக்கத்துக் கொடி துள்ளுகிறது, நடுவில் குண்டை எது எங்கே தள்ளும் என்று யாருக்கும் தெரியாது என்றார். பழைய மாடல் துப்பாக்கி, கடைக் குண்டு, வெறுங்கண்ணால் பார்த்துச் சுடுவது, இதற்குத் தோசை கிடைத்தாலே பெரிது என்றார்.

"நான் என்ன இங்க தோசை சுடவா வந்தேன்?" என்றார் முதலாளி.

கொட்டகையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்திருப்பேன், என்னைப் பற்றிய பேச்சாக இல்லாமல் இருந்திருந்தால்.

பள்ளத்தில் ஆளே இல்லாமல் புதுத் தாளில் சுடட்டும் என்று முடிவானது. எனக்கு நிம்மதி. மறுபடி சுளகுதான் விழும், பேச்சு முடியும் என்று கொட்டகைக்குப் பின்னால் போய் நின்றேன். முதலாளி மூன்று சுட்டார். நிறுத்தினார். எல்லாரும் நடந்துபோய்ச் சட்டத்தை இறக்கினோம்.

மூன்றும் ஒன்றையொன்று ஒட்டினாற்போல் விழுந்திருந்தன. ஓர் இட்லிக்குள் அடங்கிவிடும்.

முதலாளி என்னைக் காட்டி எல்லாரிடமும் சொன்னார்.

"பாத்துக்கங்க. ஆள் இல்லேன்னா எப்பிடி விழுகுதுன்னு பாத்துக்கங்க."

"மிச்சம் ஏழையும் இதே தாள்ல சுடுங்க," என்றார் சுபேதார்.

"எதுக்கு, கெடுக்கிறதுக்கா?"

முதலாளி காசை எடுத்து வைத்துப் பார்த்தார். மறையவில்லை. காசை உள்ளே போட்டுவிட்டு, கிட்டத்தில் போய் மூன்று ஓட்டைகள் மட்டும் தெரிகிற மாதிரி படம் எடுத்துக்கொண்டார். அந்தப் படத்திலும் தாளின் ஓரம் இருக்காது என்று நினைத்துக்கொண்டேன்.

எல்லாரும் போன பிறகு சுபேதார் என்னைக் கூப்பிட்டார்.

"குத்துனியா?"

"இல்ல சார்."

"சரி."

"நம்புறீங்களா சார்?"

"மூணு ரவுண்ட வச்சுத் துப்பாக்கியப் பத்தியும் சொல்ல முடியாது, ஆளப் பத்தியும் சொல்ல முடியாது. பத்து பாக்கணும். ஒன்ன நான் இன்னும் அம்புட்டுப் பாக்கல." கொட்டகைப் பக்கத்துக் கொடியை இறக்கிக்கொண்டே சொன்னார்: "அவரு மெம்பரு. ரெண்டாவது தடவையும் புகார் வந்துச்சுன்னா என்னால ஒன்ன வச்சுக்க முடியாது. ரூமையும் காலி பண்ணணும்."

கோபம் வரவில்லை. அவர் சொன்னதில் தப்பு இல்லை என்பதுதான் தொந்தரவாக இருந்தது. அந்தப் பத்து ஓட்டைத் தாளை எடுத்து வெயிலில் விரித்துப் பார்த்தேன். முன்பு ஒட்டிய துண்டு ஏதாவது காற்றில் பிரிந்து, பழைய ஓட்டை புதிது மாதிரித் தெரிந்திருக்குமோ? அப்படி ஒன்றும் இல்லை. இருந்தும் மறுநாள் பசையைக் கெட்டியாகக் காய்ச்சினேன். பென்சிலைக் கொட்டகையிலேயே வைத்துவிட்டு, கரித்துண்டால் சுழித்தேன்.

அடுத்த ஞாயிறு முதலாளி கூட்டாளிகளோடு இரண்டு காரில் வந்தார். என்னைக் கண்காணிக்கத் தன் கடையில் எடை போடுகிற ஆளையும் கூட்டி வந்திருந்தார். என் வயதுக்காரர்தான். பள்ளத்தில் இறங்கி என் எதிரே குத்தவைத்து, என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு குண்டு தலைக்கு மேலே போனதும் சுவரோடு ஒண்டிக்கொண்டார். பயம் தெளிந்ததும் சலித்துப்போய்ச் செல்போனை எடுத்துவிட்டார். அதில் யாரோ மீன் வெட்டிக்கொண்டிருந்தார்கள்.

"ஒங்க கடையில எடையெல்லாம் சரியா இருக்குமாண்ணே?" என்று கேட்டேன்.

"அத ஏன் கேக்குறீக?" என்றார் சட்டென்று.

பத்தும் முடிந்தது. இருவரும் சேர்ந்துதான் சட்டத்தை இறக்கினோம். காற்று அன்று கொஞ்சம் அடங்கியிருந்தது. பத்தும் ஒரு தோசை அகலத்துக்குள். ஒன்றுகூட வெளியே இல்லை. நான் அங்கே இருந்த வரையில் அந்த வகைத் துப்பாக்கியால் யாரும் அதைவிட நன்றாகச் சுட்டதைப் பார்த்ததில்லை. அறை தப்பித்தது என்றே நினைத்தேன். தாளை எடுத்துக்கொண்டு வேகமாக நடந்தேன். சுபேதார் வாங்கிப் பார்த்துவிட்டு, முதல் முறையாகச் சிரித்து, "அருமையான சூடு சார்," என்றார்.

முதலாளியின் முகம் செத்துப்போயிற்று. கூட்டாளிகளுக்கு அவர் காசு வைத்த படத்தையும், அந்த மூன்று ஓட்டைப் படத்தையும் ஏற்கெனவே அனுப்பியிருந்தார்.

"மாப்ள, இதுல காசை எங்கிட்டு வைக்கிறது?" என்றார் ஒருவர்.

"காசு பத்தாதுடா, தாம்பாளம் கொண்டாரச் சொல்லு," என்றார் இன்னொருவர்.

முதலாளி என்னையும், என் பின்னாலேயே வந்து நின்ற தன் கடை ஆளையும் மாறி மாறிப் பார்த்தார். "கூட்டுச் சேந்துட்டாய்ங்க," என்றார். "ரெண்டு பேரும் கூட்டுச் சேந்துட்டாய்ங்க." தன் ஆளைப் பார்த்து, இனிமேல் கடைப்பக்கம் வராதே என்றார். அவர், "மொதலாளி, நான் பக்கத்துலதான இருந்தேன்," என்று ஆரம்பித்தார். யாரும் கேட்கவில்லை. சுபேதார் என்னைப் பார்த்தார். பிறகு பார்வையைத் தாளுக்குத் திருப்பிக்கொண்டார். எனக்குப் புரிந்தது. அறைக்குப் போய் வேட்டி, போர்வை, பசைத் தூரிகை மூன்றையும் பையில் போட்டுக்கொண்டேன்.

கடை ஆளும் என்னோடு நடந்தார். கார்கள் எங்களைத் தாண்டிப் போயின. சாலைக்கு நடந்து வந்து மதுரை பஸ்ஸில் ஏறினோம். இருவர் உட்காரும் இருக்கை ஒன்றுதான் கிடைத்தது. திருமங்கலம் வரை அவர் சன்னல் வழியே வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். அதன்பின் என் பக்கம் சாய்ந்து, யாருக்கும் கேட்காத குரலில் கேட்டார்.

"நெசத்தச் சொல்லுங்க மாப்ள, நான் யார்ட்டயும் சொல்ல மாட்டேன். நான் போன் பாத்துக்கிட்டிருந்தப்ப என்ன பண்ணுனீக?"

காலடியில் இருந்த பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.