அக்கா கேட்ட தண்டம்

ப்ளஸ் டூ பிள்ளைகளுக்கு அரசியல் அறிவியல் நடத்துகிறவள் நான். அரசாங்க வகைகள் என்று ஒரு பாடம் வரும். கரும்பலகையில் கட்டம் கட்டி முடியாட்சி, குடியாட்சி, பாராளுமன்ற முறை, அதிபர் முறை என்று எழுதிப் போடுவேன். காரைக்காலில் இதற்கு உதாரணம் தேடி அலைய வேண்டாம். பிரெஞ்சுக் குடியுரிமை வைத்துக்கொண்டு பிரான்சு நாட்டு அதிபருக்கு ஓட்டுப் போடுகிற வீடும், பாண்டிச்சேரி சட்டசபைக்கு ஓட்டுப் போடுகிற வீடும் ஒரே தெருவில் இருக்கும். பஸ்ஸில் கொஞ்ச தூரம் போனால் தமிழ்நாடு. இதையெல்லாம் வகுப்பில் அளந்து நல்ல பேர் வாங்கியிருக்கிறேன். என் சொந்த அக்கா எந்த அரசாங்கத்தின் கீழ் இருக்கிறாள் என்று மட்டும் யோசித்ததே இல்லை. அது சுனாமிக்கு அடுத்த வருஷம்தான் உறைத்தது.

நாங்கள் பிறந்தது கடலோரத்தில் ஒரு மீனவ ஊர். பெயர் வேண்டாம், சொந்தக்காரர்கள் இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள். நான் கல்யாணமாகி வரிச்சிக்குடிக்குப் போய்விட்டேன். அக்கா உள்ளூரிலேயே வாழ்க்கைப்பட்டாள். கடலுக்குப் போன அத்தான் திரும்பவில்லை. அது சுனாமிக்கு மூன்று வருஷம் முந்தி. அதற்கப்புறம் அவள் காரைக்கால்மேட்டுக் கரையில் மீனை ஏலம் எடுத்து, தெருத் தெருவாக விற்று, ஒரே மகளைப் படிக்க வைத்தாள். சுனாமியில் வீடும் போனது. தார் ஷீட் கொட்டகையில் தாயும் மகளும் வெந்துகொண்டிருந்தார்கள்.

வீடு கட்டித் தருகிறோம் என்று அரசாங்கம் சொன்னது. யார் யாருக்கு என்ற பட்டியலை ஊர்ப் பஞ்சாயத்திடம் கேட்டது. இது ஓட்டுப் போட்டு வந்த பஞ்சாயத்து இல்லை. அந்தத் தேர்தல் எங்கள் பக்கம் நடந்து எத்தனையோ காலமாகியிருந்தது. இது கோயில் வாசலில் கூடுகிற பஞ்சாயத்து. எந்த வலை கூடாது, என்றைக்குக் கடலுக்குப் போகக் கூடாது, யார் யாருக்கு நஷ்டம் தர வேண்டும், எல்லாம் அங்கேதான் முடிவாகும். பொய் சொல்ல மாட்டேன், சுனாமி அன்று எந்த அதிகாரியும் எட்டிப் பார்ப்பதற்கு முன்னால் ஊருக்கே சோறு பொங்கிப் போட்டது அந்தப் பஞ்சாயத்துதான்.

ஆனால் அங்கே எதுவும் தலைக்கட்டுக் கணக்குத்தான். கல்யாணமான ஆண் ஊருக்கு வரி கட்டினால் ஒரு தலைக்கட்டு. நீள நோட்டில் அவன் பெயர் ஏறும். செத்தால் சிவப்பு மையில் அடித்துவிடுவார்கள். பெண்ணுக்கு வரியும் இல்லை, பெயரும் இல்லை, கூட்டத்தில் வாயும் இல்லை. வீட்டுப் பட்டியலை அந்த நோட்டைப் பார்த்து எழுதினார்கள். அத்தான் பெயரின் மேல் கோடு இருந்ததால் அக்காவுக்கு வீடு இல்லை.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஊர்த் தலைவர் வேறு யாருமில்லை, எங்கள் சொந்தச் சித்தப்பா. அவரிடம் போய் நின்றேன்.

"ஊர் வழக்கம்மா. ஒனக்கு ஒண்ணு, ஊருக்கு ஒண்ணுன்னு மாத்த முடியுமா?" என்றார்.

"அரசியல் சட்டம்னு ஒண்ணு இருக்கு சித்தப்பா."

"அது காரக்கால் டவுன்ல இருக்கும்" என்று துண்டை உதறிக்கொண்டு எழுந்து போனார்.

அன்றே உட்கார்ந்து மூன்று பக்கம் மனு எழுதினேன். சமத்துவம், அடிப்படை உரிமை, தெரிந்ததையெல்லாம் கொட்டி அக்காவிடம் கையெழுத்து வாங்கி அரசாங்க அலுவலகத்தில் கொடுத்தேன். பத்து நாளில் மனுவுக்கு வழி பிறந்தது. எங்கே தெரியுமா, சித்தப்பா கையில். ‘ஊர்ப் பஞ்சாயத்தின் கருத்தைப் பெற்று அனுப்பவும்’ என்று ஓரத்தில் எழுதி, யார் மேல் புகாரோ அவரிடமே அனுப்பியிருந்தார்கள். மேலே ஒரு அரசாங்கம், கீழே ஒரு அரசாங்கம், இரண்டும் கைகுலுக்கிக்கொள்ளும் என்று நான் படித்த புத்தகத்தில் இல்லை.

ஊரைத் தாண்டி மேலே போனது குற்றம். ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்குக் கூட்டம் என்று அக்காவுக்கு ஆள் வந்து சொன்னது. ஊர்க்கட்டு விழுந்தால் யாரும் அவளோடு பேசக் கூடாது, ஏலத்தில் சேர்க்கக் கூடாது, கடையில் உப்புக்கூடத் தரக் கூடாது. வீடு கேட்கப் போய் இருந்த பிழைப்பையும் பிடுங்கிவிட்டேனே என்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

சனிக்கிழமை கொட்டகைக்குப் போனேன். அக்கா சுறாக் கருவாட்டைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள். என்னைத் திட்டவே இல்லை. அதுதான் தாங்கவில்லை.

"நீ பாடம் நடத்துறியே, அதுல குத்தம் செஞ்சா தண்டன யாருக்கு?" என்று கேட்டாள்.

"செஞ்சவங்களுக்குத்தான்."

"பொம்பளயா இருந்தாலுமா?"

"யாரா இருந்தாலும். குடிமக்கள்னா எல்லாரும்தான்."

"ம்" என்றாள். இன்னொரு கருவாட்டைத் திருப்பிப் போட்டுவிட்டு, "நாளைக்கு நீ வாயத் தொறக்காத" என்றாள்.

கூட்டத்தில் ஆண்கள் மணலில் உட்கார்ந்திருந்தார்கள். வலைக் கொட்டகை ஓரமாக நானும் அக்காவும் நின்றோம். சித்தப்பா என் மனுவைக் கையில் சுருட்டி வைத்திருந்தார். ஆளாளுக்குக் கத்தினார்கள். ஊர் மானத்தை ஆபீசில் கொண்டுபோய் விற்றவள் என்றான் ஒருத்தன். எனக்கு நாக்கு துடித்தது. அக்கா என் மணிக்கட்டைப் பிடித்த பிடியில் வளையல் அழுந்தியது.

சித்தப்பா கையைத் தூக்கினார். சத்தம் நின்றது. "ஊருக்குத் தண்டம் கட்டணும். கட்டலன்னா ஊர்க்கட்டு" என்றார்.

"கட்டுறேன் சித்தப்பா" என்றாள் அக்கா. "யாரு பேருல எழுதுவீங்க?"

அந்த நீள நோட்டைத் தொடையில் விரித்து வைத்திருந்த கணக்கர் பேனாவை எடுத்தார். எடுத்த பேனா அப்படியே நின்றது. பெண் செய்த குற்றத்துக்குத் தண்டத்தை அவள் புருஷன் பேரில் எழுதுவார்கள், இல்லையென்றால் அப்பா பேரில், அண்ணன் தம்பி பேரில். அதுவும் ஊர் வழக்கம்தான்.

"எங்க ஊட்டுக்காரரு பேர அடிச்சாச்சு. எங்கப்பா பேரயும் அடிச்சாச்சு. கூடப் பொறந்த ஆம்பள கெடையாது" என்று அக்கா நிதானமாகச் சொன்னாள்.

பெயர் இல்லாமல் தண்டம் எழுத முடியாது. வரியோ தண்டமோ, தலைக்கட்டின் பெயரில்தான் ஏறும்; அவள் பெயரை எழுதினால் அந்த நோட்டில் அவளும் ஒரு தலைக்கட்டு. எனக்கு அப்போதுதான் மண்டையில் ஏறியது. இத்தனை வருஷம் பாடம் நடத்தியவளுக்கு.

முன்வரிசையில் இருந்த ஒரு பெரியவர் சட்டென்று சொன்னார். "தாலியறுத்த பொண்ணு. தெரியாம செஞ்சிடுச்சி. மன்னிச்சு உட்டுடுவோம்."

ஆமா, ஆமா என்று நாலைந்து குரல் வந்தது. எனக்குப் போன உயிர் திரும்பியது. பிழைப்பாவது மிஞ்சியதே என்று அவள் கையை இழுத்தேன். "வாக்கா, போதும்." அவள் என் கையை உதறினாள்.

"மன்னிப்பு வேணாம். தெரிஞ்சுதான் செஞ்சேன். தண்டம் போடுங்க."

"ஊர மெரட்டுறியா?" என்று ஒருத்தன் எழுந்தான். இரண்டு பேர் அவனைப் பிடித்து இழுத்தார்கள். இவள் இருந்ததையும் கெடுத்துக்கொள்கிறாள் என்று மனதுக்குள் அவளைத் திட்டினேன்.

"நான் யாரு மெரட்டுறதுக்கு? ஊர்க்கட்டுதான் போடுங்களேன். நோட்டுலயே இல்லாதவள எங்கேருந்து தள்ளி வெப்பீங்க?"

சித்தப்பா அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் தூக்கி வளர்த்த பெண் அவள். என்ன நினைத்தார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. சுருட்டிய மனுவை மடியில் செருகிக்கொண்டார். "தண்டம் தண்டந்தான். எழுது" என்றார்.

"யாரு பேருல?" கணக்கர் கேட்டார்.

"குத்தம் செஞ்சவ பேருல."

கணக்கர் குனிந்தார். பேனா காகிதத்தில் உரசுகிற சத்தம் நாங்கள் நின்ற இடம்வரை கேட்டது என்று நான் சொன்னால் நம்ப மாட்டீர்கள். அக்கா முந்தானை முடிச்சை அவிழ்த்து, மணலில் நடந்து ஆண்களுக்கு நடுவே போய், பணத்தை நோட்டின் மேல் வைத்தாள். தன் பெயரை அவர் முழுசாக எழுதி முடிக்கிறவரை நகராமல் நின்று பார்த்தாள். அலுவலகத்துக்குப் போகிற வீட்டுப் பட்டியலை இனி அந்த நோட்டைப் பார்த்துத்தான் எழுத வேண்டும். அடுத்த மாதம் அப்படித்தான் எழுதினார்கள், அக்கா பெயரையும் சேர்த்து.

திரும்பி வருகையில் நான் முகத்தை மூடிக்கொண்டு அழுதேன். அக்கா என் முதுகில் ஒன்று வைத்தாள்.

"நீ ஏன்டி அழுவுற? தண்டம் எனக்குத்தானே போட்டாங்க."