பூஜைத் தட்டிலிருந்து எடுத்த சாவி

நான் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன். இன்றைக்குத் தாம்பரத்தில் ஒன்பது வேன் என் பெயரில் ஓடுகிறது. லாரி கிளீனராக இருந்து, டிரைவராகி, ஒரு பழைய வேனை வாங்கி, அதை ஒன்பதாக்கினேன். எவனும் கை கொடுக்கவில்லை. அதனால்தான் தலைமை, மன உறுதி என்று ஏசி அறையில் படம் போட்டுப் பேசுகிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அப்படிப்பட்ட ஒருவனை நானே மேனேஜராக வைத்திருந்தேன். எம்.பி.ஏ. படித்தவன்.

எங்களுக்கு ஒரே வேலைதான். சிறுசேரியில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனிக்குக் காலை ஷிப்ட் ஆட்களை ஆறு மணிக்குள் கேட்டில் இறக்க வேண்டும். மழையில் இரண்டு முறை தாமதமாகிவிட்டது. இன்னொரு நாள் தாமதமானால் கான்ட்ராக்ட் படப்பையில் வேன் வைத்திருக்கும் ஒருவனுக்குப் போய்விடும் என்று கம்பெனியில் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார்கள்.

அப்போதுதான் ஆயுத பூஜை வந்தது. வேன்களைக் கழுவிச் சந்தனம் வைத்து, ஒன்பது சாவியையும் சாமி படத்தின் முன்னால் தட்டில் வைத்தோம். மறுநாள் மறுபூஜை போட்ட பிறகுதான் சாவியை எடுப்போம். மாடம்பாக்கத்திலிருந்து ஐயர் வர ஏழரை ஆகும். வருஷா வருஷம் கம்பெனிக்கும் அன்று லீவுதான், பிரச்சினை இருந்ததில்லை. இந்த வருஷம் லீவு இல்லை என்று மேனேஜருக்கு மெயில் வந்திருக்கிறது. அவன் அட்டவணை போட்டான். தட்டிலிருக்கும் சாவியை யார் எடுப்பது என்று யோசிக்கவில்லை.

விடிகாலை நாலரைக்கு நான் ஷெட்டுக்குப் போனபோது டிரைவர்கள் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். மேனேஜர் மடியில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு பேசிக்கொண்டிருந்தான். "கைஸ், இலக்குதான் முக்கியம். மைண்ட்செட்ட மாத்துங்க."

என்னோடு லாரிக் காலத்திலிருந்து இருக்கும் மூத்த டிரைவர் சொன்னான்: "சார், அந்த லேப்டாப்புக்கு நாலு வீல் மாட்டிக்கினு நீயே போ சார். சாமி கிட்ட கீற சாவிய நாங்க தொட மாட்டோம்."

எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மேனேஜரை நகரச் சொன்னேன். ஷெட்டுக் குழாயில் தலையோடு தண்ணீரை ஊற்றிக்கொண்டு, ஈர வேட்டியோடு நானே சூடம் ஏற்றிப் பூசணிக்காயை உடைத்தேன்.

"இன்னாண்ணா, நீ இன்னா ஐயரா?" என்றான் மூத்தவன்.

"மறுபூஜை முடிஞ்சிச்சு. குத்தம்னா என் தலைல வுழட்டும். உன் தலைல இல்ல."

முதல் வேனின் டிரைவர் லீவில் இருந்தான். அந்தச் சாவியை எடுத்து நானே ஏறி உட்கார்ந்தேன். அறுபத்தெட்டு வயது, ஒரு முழங்கால் மடங்காது. கண்ணாடியில் பின்னால் பார்த்தேன். ஒருவன் தட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு சாவியை எடுத்தான். அப்புறம் இன்னொருவன். ஏழு பேர் கிளம்பினார்கள். மூத்தவன் மட்டும் அசையவில்லை. அவன் வேன் ஆட்களை வண்டலூரில் என் வேனிலேயே நெருக்கி ஏற்றினேன். முணுமுணுத்தார்கள். காதில் போட்டுக்கொள்ளவில்லை. கேளம்பாக்கம் சாலையில் எங்கேயும் நிற்கவில்லை. ஆறுக்கு நாலு நிமிஷம் இருக்கும்போது கேட்டில் கடைசி ஆள் இறங்கினான்.

திரும்பி வந்ததும் மேனேஜரை அன்றே அனுப்பிவிட்டேன். "சார், நான் பிளான் சரியாத்தான் போட்டேன்" என்றான். அந்தப் பிளானைப் படப்பைக்காரனிடம் கொண்டு போய்க் காட்டச் சொன்னேன்.

மூத்தவன் ஏழரைக்கு ஐயர் வரும்வரை காத்திருந்து, பூஜை பார்த்து, தன் சாவியை என் கையில் கொடுத்தான். "உனக்கு வண்டிதான் சாமிண்ணா. எனக்கு அப்டி இல்ல" என்றான்.

முப்பது வருஷம் கூட இருந்தவன். இப்போது படப்பைக்காரனிடம் ஓட்டுகிறானாம். நான் கூப்பிடவில்லை, கூப்பிடவும் மாட்டேன். அவனுடைய வேனை இன்றுவரை நானே ஓட்டுகிறேன். ஒரு நாளும் ஆறைத் தாண்டவில்லை.