சீல் உடையவில்லை

அந்த ஈய சீல் உடைந்திருந்தால் முத்திரையார் வீட்டில் இத்தனை கண்ணீர் சிந்தியிருக்காது. உடையவில்லை. அதுதான் வினையாகிவிட்டது.

முத்திரையார் என்பது பட்டப்பெயர். சரக்குக் கொட்டகையில் இருபத்திரண்டு வருடமாக ரயில் பெட்டிக் கதவுகளுக்கு சீல் வைக்கிற மனிதர் அவர். பெரிய மனுஷனைக் கூப்பிடுவது போல் யாரோ கேலியாக ஆரம்பித்தது, அப்படியே ஒட்டிக்கொண்டது. நாளாக ஆக, அவருக்கும் அது பிடித்துப்போய்விட்டது. கொஞ்சம் நிமிர்ந்தே நடப்பார்.

வேலை என்னவோ சின்னதுதான். மூட்டைகளை ஏற்றி முடித்ததும் இரண்டு பேர் இழுவைக் கதவைத் தள்ளி மூடுவார்கள். கதவின் ஓரத்தில் ஓர் இரும்புக் கொண்டி இருக்கும். அதைப் பெட்டிச் சுவரில் உள்ள வளையத்தில் மாட்டி, இரண்டின் துளைக்குள்ளும் முறுக்குக் கம்பியை நுழைத்து, கம்பியின் இரு முனைகளையும் ஓர் ஈயக் குண்டுக்குள் செருகுவார். குறடால் ஒரே அழுத்து. குண்டு நசுங்கிக் கம்பியைக் கவ்விக்கொள்ளும். இனி கம்பியை வெட்டாமல், குண்டை உடைக்காமல் கொண்டியைத் தூக்க முடியாது. மூன்று முறை இழுத்துப் பார்ப்பார். பிறகு குண்டில் இருக்கும் எண்ணை உரக்கப் படிப்பார். மூட்டை ஏற்றிய குழுவின் மேஸ்திரி அதைத் திருப்பிச் சொன்ன பிறகுதான் எண் நோட்டில் ஏறும்.

அந்த மேஸ்திரி வேறு யாருமில்லை, அவருடைய மனைவியின் அண்ணன்.

"நாலு ஏழு ரெண்டு ஒம்போது!" என்பார் முத்திரையார்.

"நாலு ஏழு ரெண்டு ஒம்போது மாப்ள! என் தங்கச்சி பேரைக்கூட நீ இவ்வளவு ஆசையாச் சொன்னதில்ல!" என்று பின்னாலிருந்து குரல் வரும். மூட்டைக்காரர்கள் பதினாலு பேரும் சிரிப்பார்கள். வருடக்கணக்கில் அதே கேலிதான். ஆனாலும் சிரிப்பு குறைந்ததே இல்லை.

அப்படிப்பட்ட இடத்தில்தான் இடி விழுந்தது.

ஒரே மாதத்தில் மூன்று பெட்டிகள் போய்ச் சேர்ந்த இடத்தில் சர்க்கரை மூட்டைகள் குறைந்தன. முதலில் பன்னிரண்டு, பிறகு இருபது, கடைசியாக முப்பத்தெட்டு. மூன்று பெட்டிகளிலும் சீல் அப்படியே இருந்தது. எண் சரி, கம்பி சரி, குண்டு சரி. விதிமுறை என்ன சொல்கிறது? சீல் முழுசாக இருந்தால் வழியில் யாரும் கதவைத் திறக்கவில்லை. வழியில் திறக்கவில்லை என்றால் ஏற்றும்போதே மூட்டை குறைந்திருக்க வேண்டும். ஏற்றியவர்கள் யார்? மேஸ்திரியும் அவருடைய பதினாலு பேரும். ஆகவே திருடர்கள் அவர்கள்தான்!

நோட்டீஸ் வந்தது. வியாழக்கிழமை விசாரணை. சரியான பதில் இல்லாவிட்டால் அந்தக் குழு இனி கொட்டகைக்குள் காலெடுத்து வைக்கக்கூடாது. பதினைந்து குடும்பங்களின் அடுப்பு அந்த ஒரு காகிதத்தில் தொங்கியது. மேஸ்திரிக்கு எதிரான ஒரே சாட்சி எது தெரியுமா? தங்கை புருஷன் தன் கையால் அழுத்திய ஈயக் குண்டு!

ஆனால் நடந்தது என்ன என்பது முத்திரையாருக்குத் தெரியும். நான்கு வருடமாகத் தெரியும்.

ஒருநாள் திரும்பி வந்த ஒரு காலிப் பெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். கொண்டியைக் கதவோடு பிடித்திருப்பவை இரண்டு போல்ட்டுகள். அவற்றின் நட்டுகள் வெளிப்பக்கம்தான் இருக்கின்றன. கதவில் மற்ற எல்லா நட்டுகளும் துருப்பிடித்துக் கிடக்க, அந்த இரண்டு மட்டும் ஓரம் தேய்ந்து பளபளத்தன. பார்த்த மாத்திரத்தில் அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது. சீலை ஏன் உடைக்க வேண்டும்? இரண்டு நட்டைக் கழற்றினால் கொண்டியே கதவைவிட்டு வந்துவிடும். சீல் பாட்டுக்கு வளையத்தில் தொங்கிக்கொண்டிருக்கும். கதவைத் தள்ளி, வேண்டியதை எடுத்துக்கொண்டு, மறுபடி நட்டை முடுக்கிவிட்டால் தீர்ந்தது.

நட்டைப் பற்றவைத்துவிட்டால் போதும், பெட்டிக்கு இரண்டு பொட்டு வெல்டிங். இதைச் சொல்லி அவர் பதினோரு கடிதம் எழுதினார். ஒவ்வொரு முறையும் சூப்பர்வைசர் கூப்பிட்டனுப்புவார்.

"சீல் உடைஞ்சிருந்துச்சா?"

"இல்ல சார்."

"அப்ப கதவு திறக்கல."

"திறக்கலாம் சார். சீல் உடையாமலே..."

"சீல் உடையாம கதவு திறந்தா, அப்புறம் சீல் எதுக்கய்யா?"

"அதைத்தான் சார் நானும் கேக்கறேன்."

"போங்க, போய் வேலையைப் பாருங்க."

செவிடன் காதிலாவது ஒரு நாள் விழும். இவர்கள் காதில் விழவே விழாது. படியிறங்கும்போது பல்லைக் கடித்துக் கடித்து அவருக்குத் தாடை வலி வந்ததுதான் மிச்சம்.

நோட்டீஸ் வந்த அன்று சாயங்காலம் மனைவி தையல் மிஷினை நிறுத்தவே இல்லை. பள்ளிச் சீருடைக்குக் காலர் தைத்துக்கொண்டே இருந்தாள். அவர் செருப்பைக் கழற்றி, கைகால் கழுவி வந்து உட்கார்ந்த பிறகும் மிஷின் ஓடியது. திடீரென்று நின்றது.

"ஒண்ணு கேக்கவா?"

"கேளு."

"அந்த மூணு பெட்டிக்கும் சீல் போட மறந்துட்டேன்னு சொல்லிடுங்க."

அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. "என்ன பேசற நீ?"

"மறந்துட்டேன், அப்புறமா போய்ப் போட்டேன்னு சொல்லுங்க. நடுவுல எவனோ எடுத்துட்டான்னு ஆயிடும். அண்ணன் தப்பிச்சிடும். உங்களுக்கு என்ன, ஒரு மெமோ குடுப்பாங்க."

"இருபத்திரண்டு வருஷத்துல ஒரு கதவைக்கூட நான் மறந்ததில்ல!"

"ஆமா, கதவை மறந்ததில்ல. என்னைத்தான் சினிமாக் கொட்டகையில மறந்துட்டு வந்தீங்க!"

"அது... கல்யாணமான புதுசுல."

"இங்க பாருங்க, அப்பா போனப்புறம் என்னைத் தோள்ல தூக்கி வளர்த்தது எங்கண்ணன். அவரைத் திருடன்னு எழுதியிருக்காங்க. திருடன்னு!" அவள் குரல் உடைந்தது. "உங்களுக்கு எங்கண்ணன் பெரிசா, அந்த ஈயக்கட்டி பெரிசா?"

பொய் சொன்னால் மச்சான் பிழைப்பார். ஆனால் நட்டு அப்படியேதான் இருக்கும். அடுத்த மாதம் இன்னொரு மேஸ்திரி திருடனாவான். உண்மையைச் சொன்னாலோ நம்புவார் இல்லை. மனிதன் எந்தச் சுவரில் போய் முட்டிக்கொள்வது?

அன்றிலிருந்து வீட்டில் பேச்சு நின்றுபோனது. கல்லூரிக்குப் போகும் மகள்தான் நடுவில் கிடந்து அல்லாடினாள்.

"அப்பா, சாப்பாடு எடுத்து வைக்கட்டுமான்னு அம்மா கேக்கச் சொன்னாங்க."

"பசிக்கலைன்னு சொல்லு."

"பசிக்கலைன்னா பட்டினி கிடக்கச் சொல்லுன்னு சொல்றாங்க. ஏம்ப்பா, நான் என்ன தபால் பெட்டியா?"

கொட்டகையில் அதைவிட மோசம். அவர் எண்ணைப் படித்தார். பின்னாலிருந்து கேலி வரவில்லை. எண்கூட வரவில்லை. "ம்" என்று ஒரு உறுமல். அவ்வளவுதான். திரும்பிப் பார்த்தால் மச்சான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். மூட்டைக்காரர்களில் ஒருவன் காறித் துப்பினான். சாதாரணமாகத் துப்பினானா, தன்னை நினைத்துத் துப்பினானா என்று அன்று முழுக்க அவர் மனம் அரித்தது.

வியாழக்கிழமை வந்தது.

விசாரணை அதிகாரி மெலிந்த மனிதர், கழுத்தில் கைக்குட்டை. கொட்டகை அலுவலகத்தில் மின்விசிறிக்கு நேர் கீழே நாற்காலியைப் போட்டுக்கொண்டு அச்சடித்த படிவம் ஒன்றை நிரப்பினார். அதில் சீலுக்கு இரண்டே கட்டங்கள். 'முழுசு', 'உடைந்தது'. மூன்றாவது கட்டம் இல்லை.

மேஸ்திரி சுவரோரம் துண்டைக் கையில் பிடித்தபடி நின்றார். அதிகாரி தலை நிமிராமலே முத்திரையாரைக் கேட்டார்.

"சீல் நீங்க வச்சதா?"

"ஆமா சார்."

"ஒழுங்கா வச்சீங்களா?"

மச்சான் அப்போதுதான் ஒரு வாரத்துக்குப் பிறகு அவர் முகத்தைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. கெஞ்சல் இருந்தது. ஒரு காலத்தில் பெண் கொடுத்த வீட்டு மனிதராய்த் தலை நிமிர்ந்து நின்றவர்! இதோ, ஒரே ஒரு சொல். 'மறந்துட்டேன்' என்ற ஒரு சொல் போதும்.

"ஒழுங்கா வச்சேன் சார்," என்றார். மச்சான் கண்ணை மூடிக்கொண்டார். "ஆனா அந்த சீலால ஒரு பிரயோஜனமும் இல்ல. வெளிய வாங்க, காட்டறேன்."

என்ன நினைத்தாரோ, அதிகாரி எழுந்தார். வெயிலில் ஒரு காலிப் பெட்டி நின்றது. முத்திரையார் கதவை மூடி, கொண்டியை மாட்டி, எல்லோர் முன்னிலையிலும் சீல் வைத்தார். அதிகாரியையே இழுத்துப் பார்க்கச் சொன்னார். அசையவில்லை. பிறகு பட்டறையில் கேட்டு வாங்கி வைத்திருந்த ஸ்பானரை எடுத்தார். ஒரு நட்டு. இரண்டாவது நட்டு. கொண்டி கதவைவிட்டு வந்து, சீலோடு சேர்ந்து வளையத்தில் ஊசலாடியது. கதவை ஒரு கையால் தள்ளினார். கரகரவென்று திறந்துகொண்டது.

மூட்டைக்காரர்கள் வாயைப் பிளந்தார்கள். மறுபடி மூடி, நட்டை முடுக்கினார். சீல் முழுசாக இருந்தது. ஒரு கீறல் இல்லை.

வியர்வையைக் கூடத் துடைக்காமல் அவர் நிமிர்ந்து நின்றார். நான்கு வருடம்! பதினோரு கடிதம்! கடைசியில் ஒருவர் கண்ணாலே பார்த்துவிட்டார். நெஞ்சு விம்மியது.

அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"மூணு நிமிஷம். இவ்வளவு வேகமாக் கழட்ட எங்க கத்துக்கிட்டீங்க?"

"சார்?"

"நல்லாப் பழகின கை மாதிரி இருக்கே. மேஸ்திரி உங்களுக்கு என்ன வேணும்?"

"மச்சான், சார்."

"ஓஹோ," என்றார் அதிகாரி. அந்த ஓஹோவில் எல்லாம் இருந்தது.

அன்று மாலையே உத்தரவு வந்துவிட்டது. கதவை வேறு வழியிலும் திறக்க முடியும் என்பதால் மூட்டை ஏற்றும் குழுமீது குற்றம் நிரூபணமாகவில்லை, அவர்கள் வேலையைத் தொடரலாம். சீல் வைப்பவருக்குக் கதவைத் திறக்கும் உபாயம் தெரிந்திருப்பதால் அவர் சீல் வேலையிலிருந்து நீக்கப்பட்டு, தார்ப்பாய்க் கிடங்குக்கு மாற்றப்படுகிறார். நட்டைப் பற்றவைப்பது குறித்து? ஒரு வரி கிடையாது. படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லையே!

வீட்டுக்குப் போனார். அண்ணன் தப்பித்த சேதி அதற்குள் வந்திருந்தது. மனைவி சிரித்த முகத்தோடு ஓடிவந்தவள், அவர் முகத்தைப் பார்த்ததும் நின்றாள்.

"உங்களுக்கு என்ன சொன்னாங்க?"

அவர் சொன்னார். அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "நீங்க சொன்னது நிஜமா? நட்டைக் கழட்டினா நிஜமாவே திறக்குதா?"

"நாலு வருஷமா இந்த வீட்ல சோறு தின்னுக்கிட்டே அதைத்தானே சொல்லிக்கிட்டிருக்கேன்!" என்று கத்தினார். வாழ்நாளில் அவளிடம் அவர் குரல் உயர்த்தியது அன்றுதான். "நீயும் கேக்கல. ஒரு சாட்சியுமில்லாம நான் சொன்னா நம்பறதுக்கு இந்த உலகத்துல ஒரு நாதி இல்லையா?"

அவள் அழுதாள். மகள் இரண்டு பேருக்கும் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

மறுநாள் காலை அவர் கிடங்கில் தார்ப்பாய் மடித்துக்கொண்டிருந்தபோது சூப்பர்வைசரின் கத்தல் கேட்டது. எட்டிப் பார்த்தார். பெட்டிகள் வரிசையாக நின்றன, மூட்டைகள் அடுக்கியபடி இருந்தன. பதினாலு பேரும் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் மச்சான்.

"நட்டைப் பத்தவைங்க சார், ஏத்தறோம். அடுத்த தடவை எங்களைத் திருடன்னு எழுத எவனுக்கும் கை வரக்கூடாது."

"இதெல்லாம் மேலிடம் முடிவு பண்ணணும்யா!"

"பண்ணட்டும். நாங்க வெயிட் பண்றோம். டேய், யார்ரா சீட்டுக்கட்டு வச்சிருக்கிறது?"

நான்கு வருடமாக நடக்காதது நான்கு மணி நேரத்தில் நடந்தது. மத்தியானம் வெல்டர் வந்துவிட்டான். ஆனால் எந்த நட்டு என்று அவனுக்குத் தெரியவில்லை, சூப்பர்வைசருக்கும் தெரியவில்லை. நேரில் பார்த்திருந்த மச்சானோ தானே காட்டாமல் கிடங்கு வாசலில் வந்து நின்றார். உள்ளே வரத் தயங்கினார்.

"மாப்ள... வந்து காட்டு."

"இப்ப மட்டும் தெரியணுமா?"

"ஏசு. நல்லா ஏசு. ஏசிக்கிட்டே வா."

அவர் ஏசிக்கொண்டேதான் போனார். சீலைத் தொட அவருக்கு இனி அனுமதி இல்லை, விரலை மட்டும் நீட்டினார். வெல்டர் பொட்டு வைத்துக்கொண்டே போனான். கடைசிப் பெட்டியும் முடிந்தது. மூட்டைகள் தோளேறின. முதல் பெட்டிக்குள் பாதி அடுக்கியும் விட்டார்கள்.

முத்திரையார் திரும்பி நடந்தார். நடந்தவர் நின்றார். கதவின் அடிப்பாகம் ஒரு தண்டவாளப் பட்டையில் உருண்டு ஓடுகிறது. கதவு அதைவிட்டு வெளியே வராமல் ஒரு சின்னத் தகடு பிடித்திருக்கிறது. அவர் முழங்காலை ஊன்றிக் குனிந்து, தகட்டுக்குப் பின்னால் விரலை விட்டுத் தடவிப் பார்த்தார். அங்கேயும் ஒரு நட்டு. கழற்றினால் கதவைக் கீழ்ப்பக்கமாக அப்படியே வெளியே இழுத்துவிடலாம்.

"ஐயோ," என்று முனகினார். இதையும் இவர் ஒருவர்தான் சொல்ல வேண்டுமா! மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டுமா! கண்ணில் நீர் முட்டியது.

"என்னய்யா மறுபடியும்?" என்று சூப்பர்வைசர் தூரத்திலிருந்தே எரிந்து விழுந்தார். "அதான் எல்லாத்தையும் பத்தவச்சாச்சே!"

முத்திரையார் அவரைப் பார்க்கவில்லை. "மச்சான், இங்க கீழயும்..." என்று ஆரம்பித்தார்.

மேஸ்திரி குனிந்து பார்க்கவில்லை. என்ன ஏது என்று கேட்கவும் இல்லை. பெட்டிப் பக்கம் திரும்பி இரண்டு கையையும் உயரத் தூக்கினார்.

"டேய், மூட்டையைக் கீழ இறக்குங்கடா!"