இறக்கத்தில் கேட்ட குரல்

ஒற்றை லாரியை நம்பிப் பிழைக்கும் எங்களுக்கு, வண்டி படுத்தால் பிழைப்பே படுத்துவிடும். அப்போது கைகொடுப்பவர், லாரி ஓட்டிப் பழகிப் பிறகு பட்டறை போட்ட மெக்கானிக் அக்கா. ஒருநாள் மலை இறக்கத்தில் பிரேக் சூடேறி, பிடிப்பே இல்லாமல் போனது. போனை ஸ்பீக்கரில் போட்டு அக்காவிடம் அலறினேன்.

"கத்தாத தம்பி, இன்ஜின் சத்தம் எனக்குக் கேக்கணும். கிளட்ச்சை அழுத்தி ஆக்ஸிலேட்டரை மிதி, இன்ஜின் வேகம் ஏறினாத்தான் சின்ன கியர் விழும்... இன்னும்... இப்போ கியரைக் குறை! இனி இன்ஜினே வண்டியை இழுத்துப் பிடிக்கும்."

எங்கோ பட்டறையில் இருந்துகொண்டு, வெறும் சத்தத்தை வைத்தே அக்கா என் லாரியைக் கியர் கியராக அடக்கினார். அது ஓரத்து மண்மேட்டில் ஏறி நின்றது.

கருவிப்பெட்டியோடு அக்கா வந்து இறங்கியதும், "நீங்க இல்லன்னா நான் இல்லக்கா," என்றேன். அவர் என் கையைப் பிடித்தார். என்னைவிட அவர் கைதான் அதிகம் நடுங்கியது.