தார்ச்சாலைக்குச் சிப்பித்தூள்: தூத்துக்குடிக்கு ஒரு சனிக்கிழமைப் பயணம்

போன மாசியில் ஒரு சனிக்கிழமை, விளாத்திகுளத்திலிருந்து தூத்துக்குடி போய்வந்தேன். என் மிளகாய் வத்தல் வியாபாரத்துக்காக இல்லை, மகளுக்காக. ஜெனிபா மதுரையில் சாலைக் கலவை பற்றி ஆராய்ச்சி செய்கிறாள். தாரோடு கல்குவாரித் தூள் சேர்ப்பார்கள் இல்லையா, அதற்குப் பதில் சிப்பித்தூள் சேர்த்தால் மலையை உடைப்பது குறையும் என்பது அவள் யோசனை.

கலவைத் துண்டை ஒரு நாள் வெந்நீரில் ஊறப்போட்டு நசுக்கிப் பார்ப்பார்களாம். ஊறாத துண்டின் பலத்தில் நூற்றுக்கு எண்பது பங்காவது மிஞ்ச வேண்டும். இவளுக்கு இரண்டு தடவையும் அறுபதைத் தாண்டவில்லை. மூன்றாவதும் போனால் தலைப்பையே மாற்ற வேண்டும் என்று பேராசிரியர் சொல்லிவிட்டார். இரண்டு வருட உழைப்பு வீண்.

"போனாப் போகுதும்மா, கிட்டங்கிக்கே வந்துருதேன்" என்றாள். வத்தல் மூட்டை அடுக்கும் என் கிட்டங்கிக்கு ஆள் வேண்டும்தான். ஆனால் அந்தக் குரல் எனக்குப் பிடிக்கவில்லை.

"கெளம்புளா, சிப்பி வாங்குன எடத்தப் பாப்போம்" என்றேன்.

காலை 6.10 பஸ். ஆளுக்கு 55 ரூபாய். 7.50க்கு இறங்கி, இட்லி சாப்பிட்டுவிட்டு ஆட்டோ பேசினோம். மாப்பிள்ளையூரணி தாண்டிக் கடற்கரைப் பக்கம் போய்வர 500 கேட்டார். காத்திருப்பும் சேர்த்து 350க்கு முடித்தேன். டிரைவர் முத்தையாபுரத்துக்காரர், வாய் ஓயவில்லை.

"ரோடு போடுத படிப்பாக்கா? அப்ப எங்க தெருவுல ஆரம்பிக்கச் சொல்லுங்க. வண்டியவிட என் இடுப்புக்குத்தான் செலவு சாஸ்தி."

சிப்பிக் களத்தை நடத்துபவர் சேசம்மாள். மட்டிச் சிப்பியைக் காயவைத்து அரைத்துக் கோழித் தீவனத்துக்கு அனுப்புகிறார். ஜெனிபா வாங்கியதும் அந்தத் தூள்தான்.

தண்ணீர் தெளித்து எடை ஏற்றிய வத்தலை வாங்கி ஏமாந்தவள் நான். எந்த மூட்டையைக் கண்டாலும் அடிவரை கையை விடுவேன். இங்கேயும் விட்டேன். மேலே பொடி புழுதியாகப் பறந்தது. அடியில் பிசுபிசுவென்று கட்டியாக இருந்தது.

"தண்ணி தெளிச்சீங்களா?"

"எடையில ஏமாத்துற சோலியெல்லாம் இங்கன கிடையாதுக்கா. அது தானா ஈரம் கோத்துக்கிடும்" என்றார் சேசம்மாள்.

ஜெனிபா ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்தாள். முகம் மாறியது. "எம்மா, உப்பு!"

"உப்பு இல்லாம? கடல்ல கெடந்தது, கடல் தண்ணியிலயே அலசிப் போடுதோம். நல்ல தண்ணி குடம் பத்து ரூவா. சிப்பியக் குளிப்பாட்டிட்டு நாங்க எதக் குடிக்க? இத்தன வருசத்துல ஒரு கோழிகூடக் குறை சொன்னதில்ல."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஜெனிபாவோ சிப்பிக் குவியல் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். உப்பு ஈரத்தை இழுக்கும், ஈரம் புகுந்தால் தார் கல்லை விட்டுவிடும் என்று எனக்கு விளக்கினாள். "லேப்ல அத்தன சோதனை செஞ்சேன். உப்பு இருக்கான்னு மட்டும் பாக்கலம்மா."

அலசுவதற்கு வசதியாக, அரைக்காத சிப்பியாக 60 கிலோ வாங்கினோம், கிலோ எட்டு ரூபாய். திரும்பும் பஸ்ஸில் இரண்டு மூட்டைக்கும் லக்கேஜ் 40 ரூபாய். "உள்ள முத்து கிடந்தா எனக்குப் பாதி" என்றார் கண்டக்டர்.

வீட்டில் நல்ல தண்ணீரில் மூன்று தடவை அலசி, வத்தல் காயும் சிமெண்ட் தளத்தில் நான்கு நாள் உலர்த்தி, லேபில் அரைத்துக்கொள்ள மதுரைக்கு அனுப்பினேன். அதன்பின் சோதனை முடியும்வரை தினமும் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். பன்னிரண்டாம் நாள் போன் வந்தது.

"எம்மா, எண்பத்து நாலு."

"நூத்துக்கா?"

"பின்ன ஆயிரத்துக்கா?"

அப்படியே வத்தல் மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டேன்.

மாதிரி எடுக்க அந்தப் பக்கம் போகிறவர்களுக்கு: காலை பத்துக்குள் போய்விடுங்கள், அதற்குமேல் வெயில் நிற்க விடாது. தொப்பி, குடிதண்ணீர் அவசியம். அரைத்த தூள் வாங்காதீர்கள். எதில் அலசினார்கள் என்று கேளுங்கள், கேட்டாலும் உங்கள் செலவில் ஒரு தடவை அலசுங்கள்.

இன்னும் இரண்டு வருடப் படிப்பு பாக்கி. இருக்கட்டும். கிட்டங்கிக்குச் சம்பளத்துக்கு ஆள் கிடைக்கும். தோற்றுப்போன முகத்தோடு தினமும் என் எதிரில் உட்கார்ந்திருக்கும் மகளை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.